பிறந்த இடம்: பிராலி ரோட் ஸ்டேசன்

எங்கள் தோட்டத்து மருத்துவச்சி சண்முகவடிவுக்கு வெள்ளைக்காரன் கட்டிய அந்த ஸ்டேசனைக் கண்டாலே ஆகாது. பதினாறு வருசம் அதற்குள்தான் இருந்தாள். நான் உட்பட நூற்றுக்கணக்கான பிள்ளைகளை அங்கேதான் பிறக்க வைத்தாள். ஆனாலும் அந்தக் கட்டடத்தைப் பற்றி ஒரு நல்ல வார்த்தை அவள் வாயிலிருந்து வந்ததில்லை.

தோட்டத்தின் ஆங்கிலப் பெயர் பிரையர்லி. எங்கள் ஆட்கள் வாயில் அது பிராலி ஆகிவிட்டது. கந்தப்பளையிலிருந்து நடந்தால் ஒன்றரை மணி நேரம். ஒரு காலத்தில் நானுஓயாவிலிருந்து புறப்பட்டு நுவரெலியா வழியாக மலையைச் சுற்றிச் சுற்றி வரும் சின்ன ரயில் எங்கள் தோட்டத்து எல்லையிலும் நின்று போனது. தேயிலைப் பெட்டி ஏற்றவும் உரமூட்டை இறக்கவும் அங்கே ஒரு சின்ன ஸ்டேசன் கட்டி, பிராலி ரோட் என்று பலகை மாட்டியிருந்தார்கள். யுத்த காலத்தில் ஆள் ஏற்றுவதை நிறுத்தினார்கள். நாற்பத்தெட்டில் சரக்கும் நின்றது. அந்த வருசக் கடைசிக்குள் தண்டவாளத்தைப் பிடுங்கி எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். கட்டடம் மட்டும் நின்றது. முன்பக்கம் டிக்கெட் அறை, பக்கத்தில் ஆட்கள் காத்திருக்கும் அறை, பின்னால் ஒரு பார்சல் அறை.

அதே வருசம் ஐப்பசி மழையில் எங்கள் ஆஸ்பத்திரிக் காம்பரா மேல் மண் சரிந்தது. நல்ல வேளை, உள்ளே யாரும் இல்லை. கர்ப்பிணிகளை எங்கே வைப்பது என்று தோட்ட நிர்வாகியான துரையிடம் கேட்கப் போனவள் சண்முகவடிவுதான். அப்போது அவளுக்கு முப்பத்தைந்து வயது. புருசன் இறந்து ஏழு வருசம் ஆகியிருந்தது, பிள்ளை இல்லை. ஆஸ்பத்திரியில் ஆயாவாக வேலைக்குச் சேர்ந்து, படித்து, பரீட்சை எழுதி மருத்துவச்சியானவள். பெரியவர்களுக்கு அவள் வடிவக்கா.

துரை தோட்டத்துத் தமிழில் சொன்னாராம்: "ரெண்டு மாசம் ஸ்டேசன்ல வச்சுப் பாரு. பொறவு புது வார்ட் கட்டுறது."

"அந்த ரெண்டு மாசம் எந்த நாட்டுக் கணக்கோ தெரியலை. மூணு தொரை மாறிட்டாங்க, ரெண்டு மாசம் இன்னும் முடியலை" என்று பின்னால் வருசா வருசம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

காத்திருக்கும் அறை பிரசவ அறையானது. பார்சல் அறையில் அவள் குடியேறினாள். தண்டவாளம் பிடுங்கின இடம் நீளப் பள்ளமாகி, மழைக்கு முழங்கால் தண்ணீர் நிற்கும். தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்திலிருந்து வருகிற பெண் இடுப்பு வலியோடு அந்தப் பள்ளத்தின் மேல் போட்ட ஒற்றைப் பலகையில் நடந்து பிளாட்பாரத்தில் ஏற வேண்டும். கூரைத் தகரம் ஆறு இடத்தில் ஒழுகும். உரமூட்டை நிறுக்கிற பெரிய தராசு ஒன்று மூலையில் கிடந்தது. பிள்ளையை வைத்தால் முள் அசையாது, அப்புறப்படுத்தலாம் என்றால் நாலு ஆள் தூக்கினாலும் நகராது.

இதையெல்லாம்விட அவளை வெறுப்பேற்றியது டிக்கெட் கொடுக்கிற ஜன்னல். டிக்கெட் அறைக்கும் பிரசவ அறைக்கும் நடுவிலிருந்த அந்தச் சின்ன அரைவட்ட ஓட்டைதான் டிக்கெட் அறையில் காத்திருந்த புருசன்மாருக்கு வசதி. ஒவ்வொருத்தனும் குனிந்து கண்ணை வைத்துக்கொண்டு, "ஆம்பளையா பொம்பளையாக்கா?" என்று கேட்பான்.

"இன்னும் வண்டி வரலை. போய் பெரட்டுல நில்லு!" என்று உள்ளேயிருந்து கத்துவாள். பெரட்டு என்பது காலையில் ஆட்களுக்கு வேலை பிரித்துக் கொடுக்கிற இடம். பலகை வைத்து ஆணி அடித்தாள். மறுவாரம் யாரோ பிடுங்கிவிட்டார்கள். திரும்ப அடித்தாள். அந்த ஆணிச் சண்டை வருசக்கணக்கில் நடந்தது.

இனி பிறப்புப் பதிவு விசயம். பிள்ளை பிறந்தால் வடிவக்கா ஒரு துண்டுச் சீட்டு எழுதி ஆபீசுக்குக் கொண்டுபோவாள். அதைப் பார்த்துக் கிளாக்கர் பதிவுக்கான பத்திரத்தை நிரப்புவார். நாற்பத்தொன்பதில் புதிதாக வந்த கிளாக்கர் ஜெயரத்தினம், யாழ்ப்பாணத்துக்காரர். நேர்மையான மனுசன். ஒரு எழுத்துப் பிசகினால் முழுத் தாளையும் கிழித்துவிட்டு மறுபடி எழுதுவார்.

"பிறந்த இடம் எண்ட பகுதியில என்னத்தை எழுத?" என்று கேட்டார்.

"பிராலி தோட்டம்னு எழுதுங்கய்யா."

"தோட்டம் எண்டால் எண்ணூறு ஏக்கர். பிள்ளை கொழுந்து மலையிலயோ பிறந்தது? கட்டடத்தின்ர பேரைச் சொல்லுங்கோ."

"ஸ்டேசன்தாங்க. பெறகு எங்க?"

"அப்ப அதைத்தான் எழுதவேணும். நான் பொய் எழுதமாட்டன்."

ஸ்டேசனில் ஒருத்தி வலியோடு கிடந்தாள். வடிவக்காவுக்கு நின்று பேச நேரமில்லை. "என்னத்தையாச்சும் எழுதுங்கய்யா, எனக்கு வேலை கெடக்கு" என்று திரும்பி நடந்துவிட்டாள். அன்றிலிருந்து அங்கே பிறந்த ஒவ்வொரு பிள்ளைக்கும் ஜெயரத்தினம் ஐயாவின் அழகான கையெழுத்தில், பிறந்த இடம் 'பிராலி ரோட் ரயில்வே ஸ்டேசன்' என்று விழுந்தது. ஐம்பதாம் வருசம் பங்குனியில் பிறந்த எனக்கும் அதுதான்.

இந்திய வம்சம் என்று உரிமை மறுக்கப்பட்டிருந்த எங்கள் ஆட்கள் ஐம்பத்தொன்றில் இலங்கைப் பிரஜாவுரிமைக்கு விண்ணப்பம் போட்டார்கள். இத்தனை வருசம் இடைவிடாமல் இந்த நாட்டில் இருந்தோம் என்று புருசன் தனக்கும் காட்ட வேண்டும், பெண்சாதி பிள்ளைகளுக்கும் காட்ட வேண்டும். இடையில் இந்தியாவுக்குப் போய் நீண்ட நாள் தங்கிவிட்டு வந்தவர்களுக்குச் சிக்கல். என் அப்பா வீரய்யா, அம்மா அழகம்மா, பிள்ளை நான், மூன்று பேர் பெயரும் ஒரே விண்ணப்பத்தில். விசாரணைக்குக் கூப்பிட ஆறு வருசம் ஆனது.

ஐம்பத்தேழு சித்திரையில் அப்பா டவுனுக்குப் போனார். விசாரணை அதிகாரி சிங்களவர், ஐம்பது வயசு இருக்கும். பக்கத்தில் அவர் பேச்சைத் தமிழில் சொல்ல ஒருவர். ஆட்களின் பெயரும் வேலை நாளும் பதிகிற செக்ரோல் கணக்கைப் பார்த்தார்கள், சரியாயிருந்தது. கலியாணப் பதிவைப் பார்த்தார்கள், அதுவும் சரி. பிறகு என் பிறப்புப் பத்திரத்தை எடுத்தார் அதிகாரி. இரண்டு தரம் வாசித்தார்.

"இந்தப் பிள்ளை ரயில்வே ஸ்டேசனில் பிறந்திருக்கிறது. உன் சம்சாரம் அன்றைக்கு எங்கிருந்து வந்தாள்?"

"லயத்திலருந்துங்க."

"லயத்திலிருந்து ரயிலேறி எங்கே போனாள்?"

"எங்கேயும் போகலைங்க. புள்ள பெறப் போனா."

"பிள்ளை பெற ரயில் ஏன் ஏற வேண்டும்?"

"ரயில் இல்லைங்கய்யா."

"ரயில் இல்லாமல் எப்படி ஸ்டேசன்?"

அப்பா தேயிலைச் செடி வெட்டுகிற கவ்வாத்துக் கத்தி பிடித்தால் மலையே அவருடையது. மேசைக்கு முன்னால் நின்றால் நாக்கு மேலே ஒட்டிக்கொள்ளும். இந்தியாவுக்குப் போய்த் திரும்பும் வழியில் பிள்ளை பிறந்ததா என்று அடுத்த கேள்வி வந்தபோது அவருக்கு வாய் திறக்கவில்லை. பதில் சொல்லவில்லை என்று எழுதிக்கொண்டார்கள். ஆறு வாரத்துக்குள் அத்தாட்சி கொண்டுவர வேண்டும், இல்லாவிட்டால் தள்ளுபடி.

அப்பா பஸ்ஸை விட்டு இறங்கினதும் லயத்துக்கு வரவில்லை. நேரே ஸ்டேசனுக்குப் போனார். வடிவக்கா துணி அவித்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, நீங்கதான் எம்பொண்டாட்டிய ஸ்டேசன்ல கொண்டாந்து போட்டீங்க. இப்ப ரயில்ல போனாளாம், இந்தியாவுக்குப் போனாளாம். நீங்களே வந்து சொல்லுங்க" என்றார். முழுக் கதையையும் கேட்டாள். அவிந்த துணியை அப்படியே சட்டியில் போட்டுவிட்டு ஆபீசுக்கு நடந்தாள்.

ஜெயரத்தினம் ஐயா முகம் வெளுத்துவிட்டது. "நான் உள்ளதைத்தானே எழுதினனான்" என்றார்.

"உள்ளதை எழுதி ஒரு குடும்பத்தையே ரயிலேத்தி விட்டுட்டீங்க. மாத்தி எழுதுங்க."

"பதிஞ்சதை நான் மாத்த ஏலாது, மருத்துவச்சி. அது குற்றம். ரயில்காரரிட்டை ஒரு கடிதம் எடுங்கோ, இன்ன திகதியில இந்த ஸ்டேசன் மூடினது எண்டு. அது போதும்."

போதும் என்று சொல்லிவிட்டார். அந்தக் கடிதத்துக்காக அவள் அலைந்த அலைச்சலைத் திரும்பத் திரும்பச் சொல்லிக் காட்டுவாள். கேட்கிற எங்களுக்கே கால் வலிக்கும்.

முதலில் பெரிய லைனிலிருக்கிற ஒரு ஸ்டேசனுக்குப் போனாள். எந்த ஸ்டேசன் என்பது வேண்டாம், அந்த மாஸ்டருடைய பிள்ளைகள் இன்னும் இருக்கிறார்கள். அவர் ஒரு தடித்த புத்தகத்தைப் புரட்டிவிட்டு, "பிராலி ரோட் என்று ஒரு ஸ்டேசனே இல்லையே" என்றார்.

"ஆமாங்கய்யா. அதைத்தான் ஒரு தாள்ல எழுதிக் குடுங்கன்னு கேக்குறேன்."

"இல்லாத ஸ்டேசனைப் பற்றி நான் எப்படி எழுதுவது?"

"மூடிட்டீங்கல்ல, மூடினோம்னு எழுதுங்க."

"மூடியிருந்தால் மூடின பட்டியலில் இருக்கும். அந்தப் பட்டியல் என்னிடம் இல்லை. கொழும்புக்கு எழுதிக் கேள்."

கொழும்புக்கு ஜெயரத்தினம் ஐயா ஆங்கிலத்தில் எழுதிக் கொடுத்தார். மூன்று வாரம் கழித்துப் பதில் வந்தது. குறிப்பிட்ட இடத்துக்குப் பயணச்சீட்டு வழங்கப்படுவதில்லை, பயணிகள் பஸ் சேவையைப் பயன்படுத்தலாம் என்று அதில் இருந்தது. ஐயா அதை வாசித்துக் காட்டியதும் அவள் வாங்கி மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாளாம்.

பிறகு மாவட்ட அரசாங்க அலுவலகமான கச்சேரி. அங்கே நிலம் யாருடையது என்று பார்த்தார்கள். பாதை போன நிலம் கைமாறியிருக்கிறது, கட்டடம் எந்தத் தாளிலும் இல்லை, தோட்டத்தில் கேள் என்றார்கள். தோட்டத்தில் அப்போதிருந்த துரை புதுசு. "அது ரயில்காரனுக்குச் சொந்தம். நம்ம சும்மா யூஸ் பண்றது. அதுபத்தி நான் கையெழுத்து போட ஏலாது" என்று சொல்லிவிட்டார்.

"ஒழுகுறப்ப மட்டும் அது என் ஸ்டேசன், கையெழுத்துன்னா யாரோடதும் இல்லை" என்று திட்டிக்கொண்டே வந்தாள். இதற்கு நடுவே பிரசவமும் நிற்கவில்லை. அந்த ஆறு வாரத்தில் ஐந்து பிள்ளைகள். ஒரு நாள் கச்சேரியிலிருந்து வந்த சேலையோடேயே பிரசவம் பார்த்தாளாம்.

அதற்குள் செய்தி லயத்துக்கு லயம் பரவி, ஸ்டேசனில் பிள்ளை பெற்ற மற்றக் குடும்பங்களும் வரத் தொடங்கின. விண்ணப்பத்தில் ஸ்டேசன் பிள்ளை உள்ள குடும்பம் எங்களோடு சேர்த்துப் பதினொன்று. "எங்களுக்கும் இப்படித்தான் கேப்பாங்களாக்கா?" என்று பழனியாண்டி கேட்டார். "கேப்பாங்க. என்னைத்தான் கேப்பாங்க. ரயிலை ஓட்டினதே நான்தானே" என்றாள்.

ஆறு வாரம் முடிந்து அப்பாவோடு அவளும் விசாரணைக்குப் போனாள். வெள்ளைச் சேலை, கையில் ஒரு துணிப்பை, அதற்குள் ஒன்றுக்கும் உதவாத கடிதங்கள்.

"ரயில் நின்றுபோனதற்கு அத்தாட்சி இருக்கிறதா?" என்று கேட்டார்கள்.

அவள் பையைத் தூக்கி மேசையில் வைத்தாள்.

"அய்யா, ரயில்காரங்க அப்படி ஒரு ஸ்டேசனே இல்லைங்கறாங்க. கச்சேரியில, நெலம் இருக்கு, கட்டடம் இல்லைங்கறாங்க. தொரை அது ரயில்காரங்களதுங்கறாரு. நான் ஒம்பது வருசமா அதுக்குள்ளதான் குடியிருக்கேன். இன்னைக்கு வரைக்கும் ஒரு வண்டி வரலை. வந்திருந்தா இந்தச் சனியனை விட்டு மொத ஆளா நானே ஏறிப் போயிருப்பேன்."

மொழிபெயர்த்துச் சொல்ல இருந்தவர் சிரித்துவிட்டார். அதிகாரி என்ன என்று விசாரித்தார். அவர் சொன்னார். அதிகாரி சிரிக்கவில்லை. கடிதங்களை ஒவ்வொன்றாக வாசித்தார். பஸ் சேவை பற்றிய கடிதத்தைக் கொஞ்ச நேரம் கையில் வைத்திருந்தார். பிறகு, வருகிற மாதம் தானே நேரில் வந்து பார்ப்பதாகச் சொன்னார்.

வந்தார். ஆனி மாதம், நல்ல மழை. ஜீப் மேல் ரோட்டோடு நின்றுவிட்டது, கீழே பாதை சறுக்கல். சப்பாத்துக் காலோடு சேற்றில் முக்கால் மைல் நடந்து, பலகையில் ஏறிப் பிளாட்பாரத்துக்கு வந்து, காத்திருக்கும் அறைக் கதவைத் தள்ளியிருக்கிறார். உள்ளே மாயாண்டியின் பெண்சாதிக்கு வலி முற்றின நேரம்.

"ஆம்பளை உள்ள வரப்படாது! அங்கிட்டு நில்லுங்க!" என்று கத்தினாள் வடிவக்கா. யார் என்று திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அதிகாரியும் கூட வந்தவரும் டிக்கெட் அறையில் இரண்டு மணி நேரம் நின்றார்கள். உட்காரலாம் என்றால் அங்கிருந்த ஒரே பெஞ்சுக்கு மூன்று கால்தான். மாயாண்டி வெறுந்தேத்தண்ணி கொண்டுவந்து கொடுத்தார். கூரை ஒழுகல் கோப்பைக்குள்ளேயே விழுந்ததாம். மாயாண்டி பழக்கதோசத்தில் ஜன்னல் பலகையை நீக்கி உள்ளே எட்டிப் பார்க்க, வடிவக்கா உள்ளேயிருந்து ஈரத்துணியை வீசியிருக்கிறாள். அது ஓட்டை வழியாக வந்து பக்கத்தில் நின்ற அதிகாரியின் சட்டையில் விழுந்தது.

பிள்ளை அழுத சத்தம் கேட்டுக் கொஞ்ச நேரம் கழித்து அவள் கை துடைத்துக்கொண்டு வெளியே வந்தாள். அப்போதுதான் ஆளைப் பார்த்தாள். ஆனாலும் மன்னிப்புக் கேட்க மனசு வரவில்லை. "இப்பக் கேளுங்கய்யா" என்றாள்.

அவர் வெளியே இறங்கினார். குடையைப் பிடித்துக்கொண்டு பள்ளத்து ஓரத்தில் நின்று இரண்டு பக்கமும் பார்த்தார். ஒரு பக்கம் காவல்காரன் போட்ட முட்டைக்கோவாப் பாத்தி. மறுபக்கம் தேயிலைக் கன்று மேடை. பழைய பலகையைப் பார்த்தார். பைக்குள்ளிருந்து தாளை எடுத்து நின்றபடியே அரைப்பக்கம் எழுதினார். போகும்போது சிங்களத்தில், "ளமயா ஹொந்தய்த?" என்று பிள்ளையின் சுகம் விசாரித்தார்.

"ஹொந்தய், மாத்தயா. கெல்லெக்" என்றாள். நன்றாயிருக்கிறது, பெண் பிள்ளை.

ஐம்பத்தெட்டு தை மாதம் எங்களுக்குப் பிரஜாவுரிமைக் கடுதாசி வந்தது. அப்பா அதைத் தகரப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டிவிட்டுச் சாவியை அரைஞாண் கயிற்றில் கட்டிக்கொண்டார். பதினொன்றில் எட்டுக் குடும்பத்துக்குக் கிடைத்தது. மூன்றுக்குக் கிடைக்கவில்லை. பழனியாண்டியின் பெண்சாதி பெயர் செக்ரோலில் வேலாயி, கலியாணப் பதிவில் வேலம்மா; தள்ளிவிட அது போதாதா? ஆனால் ஸ்டேசனைப் பற்றிப் பிறகு யாரிடமும் கேள்வி வரவில்லை.

வடிவக்காவும் தனக்காக ஒரு விண்ணப்பம் போட்டிருந்தாள். அவளுடைய விசாரணை ஐம்பத்தொன்பது ஆவணியில் வந்தது. காலை ஏழு மணி பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். வெள்ளைச் சேலையைக் கட்டி, பையை எடுத்துக் கதவைப் பூட்டும்போது ராசம்மாவைக் கம்பளியில் தூக்கிக்கொண்டு வந்தார்கள். முதல் பிரசவம். பிள்ளை காலை முன்னால் கொடுத்திருந்தது.

"இன்னைக்குத்தான் நேரம் பாத்தியாடி? நேத்துப் பெறக் கூடாது? நாளைக்குப் பெறக் கூடாது?" என்று திட்டிக்கொண்டே பையைக் கீழே வைத்தாள். பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்ப லொறி கேட்டு ஆள் விட்டாள், லொறி கொழுந்து ஏற்றப் போயிருந்தது. ஸ்டேசனில் உதவிக்கிருந்த ஆயாவிடம் விட்டுப் போயிருக்கலாம் என்று பின்னால் பலர் சொன்னார்கள். "போயிருந்தா ரெண்டு உசிரும் போயிருக்கும். போகலைன்னா ஒரு தாள்தானே போகும்னு நெனச்சேன்" என்று அம்மாவிடம் சொல்லியிருக்கிறாள். மத்தியானம் இரண்டு மணிக்குப் பிள்ளை பிறந்தது. தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள். பஸ் போய் ஏழு மணி நேரம் ஆகியிருந்தது.

மறுநாள் போனாள். எங்களை விசாரித்த அதிகாரி மாற்றலாகியிருந்தார். இருந்தவர் சின்ன வயசுக்காரர். குறித்த நாளில் வராததால் விண்ணப்பம் தள்ளுபடி, வர முடியாது என்றால் முன்கூட்டியே அறிவித்திருக்க வேண்டும் என்றார்.

"புள்ள முன்கூட்டியே அறிவிச்சுட்டா வருது?" என்று கேட்டுவிட்டு இறங்கி வந்தாள். தொழிற்சங்கத்துக்காரர்கள் வக்கீல் வைத்து அப்பீல் போட்டார்கள். இரண்டு வருசம் இழுத்து அதுவும் தள்ளுபடியானது. அந்தக் கடிதம் வந்த அன்றைக்கு அம்மா அவளைப் பார்க்கப் போனாள். அழுவாள் என்று நினைத்துப் போயிருக்கிறாள். வடிவக்கா கூரையேறித் தகரத்துக்குத் தார் பூசிக்கொண்டிருந்தாளாம். இறங்கவே இல்லை. மேலேயிருந்தபடியே, "போ அழகம்மா, இப்ப என்கிட்ட எதுவும் பேசாத" என்றாளாம். இரண்டு நாள் அந்தக் கூரை வேலையிலேயே இருந்தாள். மூன்றாம் நாள் யாருக்கோ வலி கண்டது.

அறுபத்துநாலில் ஒரு வழியாகப் புது வார்ட் கட்டினார்கள். வெள்ளைச் சுண்ணாம்பு, சிமெந்துத் தரை, நாலு கட்டில், சுவரில் பித்தளைப் பைப். அவள் ஸ்டேசனை விட்டு வந்த அன்று திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அதன் தகரத்தைக் கழற்றி உரக் காம்பராவுக்குப் போட்டார்கள்.

அந்த வருசக் கடைசியில்தான் இலங்கையும் இந்தியாவும் ஒப்பந்தம் போட்ட செய்தி வந்தது. உரிமைக் கடுதாசி இல்லாதவர்களில் இத்தனை லட்சம் பேர் இந்தியாவுக்கு, இத்தனை லட்சம் பேர் இங்கே என்று லயமெல்லாம் அதே பேச்சு. வடிவக்காவின் தகப்பன் இந்தியாவில் துறையூர்ப் பக்கம். அவள் அந்த ஊரைக் கண்ணால் கண்டதில்லை. அப்பாவுக்கு மனசு கேட்கவில்லை. ஒரு நாள் வேலை விட்டு வரும்போது வார்டுக்குள் போனார். அவள் பைப்பை இரண்டு கையாலும் திருகிக்கொண்டிருந்தாள்.

"அக்கா, எங்களுக்கெல்லாம் கடுதாசி எடுத்துக் குடுத்தீங்க. ஒங்களை எந்தப் பக்கம் எழுதப் போறாங்களோ தெரியலையே. என்னக்கா பண்ணப் போறீங்க?"

"அவங்க எழுதுறப்ப எழுதட்டும், வீரய்யா. எட்டு நாளாச்சு, இந்தப் பைப்புல ஒரு சொட்டுத் தண்ணி இல்லை. மொதல்ல அதுக்கு ஒரு வழி சொல்லுங்க."

அப்பா பைப்பைக் குனிந்து பார்த்தார். பிறகு பாக்டரியில் ஸ்பேனர் கேட்டு வாங்கி வரப் போனார்.